பாடம் 6 – பஞ்சுருட்டான்

நுழையும்முன்

பள்ளிக்கு வரும் வழியில் மின்கம்பியின்மேல் அமர்ந்திருக்கும் பச்சை நிறச் சிறுபறவையை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். உங்கள் வகுப்புத் தோழர் அதனைப் ‘பத்ரிங்கா’ என்பார். உங்கள் பாட்டி வீட்டுத் தோட்ட வேலியிலும் அதே பறவைதான் அமர்ந்திருக்கிறது. அங்கே அதன் பெயர் பஞ்சுருட்டான். கட்டலான் குருவி என்று கூறும் ஊர்களும் உண்டு. இந்தப் பறவையின் இயல்பையும் பழக்கங்களையும், அதன் சுற்றத்தாரையும் இப்பாடத்தில் அறிவோம். பாடத்தின் பிற்பகுதியில், அதனைப் பார்க்கச் சென்ற நாங்கள் செய்த பிழை ஒன்றும் வருகிறது.

உருவம்

பச்சைப் பஞ்சுருட்டான் சிட்டுக்குருவியைக் காட்டிலும் மெலிந்த, நீண்ட உடலை உடையது. அலகு முதல் வால் வரை அதன் நீளம் 16 முதல் 18 செ.மீ. வரை இருக்கும். வாலின் நடுவிலிருந்து கம்பிபோல் நீண்டிருக்கும் இரண்டு இறகுகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை. எடையோ 15 முதல் 20 கிராம்தான். அஞ்சல் உறை ஒன்றில் மூன்று தாள்களை மடித்து வைத்துக் கையில் ஏந்திப் பாருங்கள்; ஏறத்தாழ அவ்வளவே ஒரு பறவையின் எடை.

உடல் முழுவதும் இளம்புல்லின் பசுமை. உச்சந்தலையிலும் பிடரியிலும் பொன்னும் செம்பும் கலந்த சாயல் படர்ந்திருக்கும். கண்ணின் குறுக்கே மை தீட்டியது போன்ற கருங்கோடு ஒன்று ஓடும். தொண்டையின் கீழே கழுத்தணி போல மற்றொரு கருங்கோடு அமையும். விழி சிவந்திருக்கும். ஆணையும் பெண்ணையும் தோற்றத்தால் பிரித்தறிவது கடினம்.

இதன் கால்கள் குட்டையானவை, வலிமை குறைந்தவை. முன்விரல்கள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மைனாவைப்போல் தரையில் நடந்து இரை தேட இக்கால்களால் இயலாது. ஆகவே இதன் வாழ்வு கம்பியிலும், இலையற்ற கிளையிலும், அவற்றைச் சூழ்ந்த காற்றுவெளியிலுமே நடைபெறுகிறது. வெயிலில் காய்ந்த சுடுமணலில் இறங்கிப் புரண்டு குளிக்கும் வழக்கமும் இதற்கு உண்டு.

வேட்டை

பஞ்சுருட்டான் அமர்ந்திருக்கும்போது அது சும்மா இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அதன் தலை இப்புறமும் அப்புறமும் திரும்பிக்கொண்டே இருக்கும். பறக்கும் பூச்சி ஒன்று கண்ணிற் பட்டதும் கம்பியிலிருந்து பாயும். சில அடி தூரம் விரைந்து சென்று, காற்றிலேயே அலகால் கவ்வும். பின்பு சிறகை விரித்து மிதந்தபடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும். அவ்வாறு திரும்பும்போது சிறகின் செம்பு நிறம் வெயிலில் மின்னும். துரத்திச் சென்ற பூச்சி எங்கேனும் இறங்கி அமர்ந்துவிட்டால், இக்குடும்பத்துப் பறவைகள் பெரும்பாலும் அதனை விட்டுவிடும். அவற்றின் வேட்டை பறக்கும் இரையை நாடியது.

தட்டான், வண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈசல், குளவி, தேனீ ஆகியன இதன் உணவு. இவற்றுள் தேனீயையும் குளவியையும் உண்பது எளிதன்று. கொடுக்கோடு விழுங்கினால் தொண்டையில் நஞ்சேறும். அதனால், தேனீயைப் பிடித்த பஞ்சுருட்டான் முதலில் அதனைக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடிக்கும். தேனீயின் துடிப்பு அடங்கியதும் பிடியை மாற்றி, அதன் பின்பகுதியை அலகிற் பற்றிக் கிளையின்மேல் அழுத்தித் தேய்க்கும். அந்த அழுத்தத்தில் நஞ்சு வெளியே பீறிடும். கொடுக்கும் பெரும்பாலும் கழன்றுவிடும். தேய்க்கும்போது ஐரோப்பியப் பஞ்சுருட்டான் கண்களை மூடிக்கொள்வதைப் பறவையியலார் கண்டிருக்கின்றனர். நஞ்சு கண்ணில் தெறிக்காதிருக்க அது ஒரு காப்பு. கொடுக்கில்லாத தட்டானையும் பறவை கம்பியில் அடிக்கும், ஆனால் தேய்ப்பதில்லை. எதைத் தேய்க்க வேண்டும், எதை விடலாம் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் திறன் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? கூண்டில் வளர்ந்த இளம்பறவை ஒன்றிற்கு முதன்முதலாகத் தேனீக்களைக் கொடுத்துப் பார்த்தனர். யாரும் கற்றுக்கொடுக்காமலே அது தேனீயைத் தேய்க்க முற்பட்டது. எனினும் முதல் ஐந்து முறையும் கொட்டு வாங்கியது. பத்தாவது தேனீயை வளர்ந்த பறவைக்கு நிகரான கைத்திறத்தோடு கையாண்டது. பறவைக்குக் கை இல்லையே என்று என் மாணவன் ஒருவன் இவ்விடத்தில் குறுக்கிட்டான். அவன் கூறியது சரிதான். ‘அலகுத்திறம்’ என்று நீங்கள் திருத்தி வாசிக்கலாம்.

செரிக்காத ஓடுகளையும் இறகுகளையும் இப்பறவை சிறு உருண்டைகளாகக் கக்கிவிடும். நாள்தோறும் அமரும் கம்பியின் கீழே தேடினால் அவ்வுருண்டைகள் கிடைக்கும். அவற்றை உதிர்த்துப் பார்த்து, முந்தைய நாள் அது எதை உண்டது என்று கூற முடியும்.

சுற்றத்தார்

பஞ்சுருட்டான் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகுதியானவை ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. இந்தியாவில் காணப்படுபவை ஆறு: பச்சைப் பஞ்சுருட்டான், நீலவால் பஞ்சுருட்டான், நீலக்கன்னப் பஞ்சுருட்டான், செந்தலைப் பஞ்சுருட்டான், ஐரோப்பியப் பஞ்சுருட்டான், நீலத்தாடிப் பஞ்சுருட்டான்.

இவற்றுள் நீலவாலின் கதை உங்களுக்குப் பிடிக்கும். அதன் கூட்டங்கள் பல வட இந்திய ஆற்றங்கரைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னாட்டிற்குப் பறந்து செல்கின்றன. பொங்கல் விடுமுறையில் தமிழகத்து ஏரிக்கரைகளில் அவற்றைக் காணலாம். நீங்கள் இரயிலில் இரண்டு இரவுகள் கழித்துச் சென்றடையும் ஊருக்கு அவை பயணச்சீட்டு இல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

நீலத்தாடி இக்குடும்பத்தில் பெரியது, காட்டில் வாழ்வது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலை அடிவாரத்திலும் அதனைக் காணலாம். மலைத்தேனீயின் பெருங்கூட்டினருகே அது துணிந்து பறந்து செல்லும். காவல் தேனீக்கள் சினந்து துரத்திவரும். அப்பறவை வேண்டுவதும் அதுதான். தன்னைத் துரத்திவரும் தேனீக்களையே அது பிடித்து உண்ணும்.

ஆப்பிரிக்காவின் செவ்வண்ணப் பஞ்சுருட்டான் வேறொரு வழியைக் கண்டறிந்துள்ளது. நெருப்புக்கோழி, கானமயில் போன்ற பெரிய பறவைகளின் முதுகில் ஏறி அமர்ந்து ஊர்ந்து செல்லும். அவை புல்வெளியில் நடக்கும்போது கலைந்தெழும் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு மீண்டும் முதுகிற்கே திரும்பும்.

கென்யா நாட்டில் வாழும் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்கள் கூட்டுக்குடும்பமாக வாழ்பவை. தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் எனச் சுற்றம் பெரிது. ஓர் இணைக்குக் குஞ்சுகள் இருந்தால், உறவுப் பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்டீபன் எம்லனும் பீட்டர் ரெஜும் இப்பறவைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டில் வியப்பூட்டும் செய்தி ஒன்றை வெளியிட்டனர். மகன் தனிக்குடித்தனம் தொடங்கும்போது தந்தைப் பறவை சில நேரங்களில் அவன் வளையின் வாயிலில் அமர்ந்து வழிமறிக்கிறது. மகன் சலித்துப்போய்த் தன் முயற்சியைக் கைவிட்டுத் தந்தையின் வளைக்கே திரும்பித் தம்பி தங்கையர்க்கு இரை ஊட்டுகிறான். கூட்டுக்குடும்பம் என்றால் அன்பு மட்டுமே நிறைந்தது என்று நாம் கூறிக்கொள்கிறோம். பஞ்சுருட்டான் குடும்பத்தில் சற்று வல்லந்தமும் உண்டு.

நம்மூர்ப் பச்சைப் பஞ்சுருட்டானிடமும் இவ்வாறு துணைப்பறவைகள் உதவும் வழக்கம் உண்டு. இரவில் ஒரே மரத்தில் இருநூறு, முந்நூறு பறவைகள் அடைவதும் உண்டு. அடைவதற்கு முன் பெரும் ஆரவாரம் செய்யும். படபடவென்று எழுந்து சிதறிப் பின் மீண்டும் அமரும். குளிர்ந்த காலை வேளைகளில் கதிரவன் எழுந்த பின்னரும் கம்பியில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக அமர்ந்திருக்கும். காலை வழிபாட்டிற்குத் தூக்கக் கலக்கத்துடன் வந்து நிற்கும் நம் வரிசை எனக்கு நினைவிற்கு வரும்.

வளை

பஞ்சுருட்டான் குச்சிகளைப் பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மார்ச் முதல் ஜூன் வரையுள்ள காலத்தில் மண்கரையிலோ மணற்சரிவிலோ அலகால் குத்திக் கால்களால் மண்ணைப் பின்னே தள்ளி வளை தோண்டும். வளை ஐந்தடி நீளம் வரையும் செல்லக்கூடும். அதன் முடிவில் சற்றே அகன்ற அறை இருக்கும். அறையில் புல்லும் இல்லை, பஞ்சும் இல்லை. வெறுமண்ணில் மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். முட்டைகள் பளபளக்கும் வெண்மையும் உருண்டை வடிவும் கொண்டவை. இருளறையில் கிடப்பதால் அவற்றிற்கு மறைக்கும் நிறமோ புள்ளியோ தேவைப்படவில்லை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். ஏறத்தாழ 14 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். பின் மூன்று, நான்கு வாரங்கள் வளைக்குள்ளேயே வளரும்.

அந்த மூன்று, நான்கு வாரங்களே மிகவும் இடர் நிறைந்தவை. குஞ்சுகளால் தப்பி ஓட இயலாது. வளைக்கு வழி ஒன்றுதான். பாம்போ கீரியோ அவ்வழியைக் கண்டுகொண்டால் எல்லாம் முடிந்துபோகும். ஆகவே வளை இருக்குமிடம் பிறர்க்குத் தெரியாமலிருப்பதே பெற்றோரின் முதற்கவலை.

எங்கள் பிழை

முன்பு நான் மத்தியப் பிரதேசத்து ஊர் ஒன்றில் பணியாற்றினேன். எட்டாம் வகுப்பில் தமிழை எடுத்திருந்தவர்கள் ஏழே பேர். விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் வற்றிய ஓடை ஒன்று இருந்தது. அதன் கரையில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டியிருந்தன. ‘கண்டதை எழுதுக’ என்னும் பயிற்சிக்காக ஏழு பேரையும் அங்கே அழைத்துச் சென்றேன். ஏப்ரல் மாதம் 4ஆம் நாள் அது. வளைக்கு நேரெதிரே, பதினைந்து அடித் தொலைவில், ஏடும் எழுதுகோலுமாக வரிசையாக நின்றோம்.

கம்பியில் ஒரு பறவை தட்டானைக் கவ்வியபடி அமர்ந்திருந்தது. பறந்தது, வளையின் பக்கம் வந்தது, திரும்பிக் கம்பிக்கே சென்றது. மீண்டும் அவ்வாறே செய்தது. விட்டு விட்டுக் குரல் கொடுத்தது. இருபது நிமிடங்கள் கழிந்தன. தட்டான் அலகிலேயே இருந்தது. எவ்வளவு அழகாக நமக்குக் காட்சி கொடுக்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு மாணவி மெல்லிய குரலில் கேட்டாள்: “சார், நாம் இங்கே நிற்பதால்தான் அது உள்ளே போகாமல் இருக்கிறதோ?”

நாங்கள் பம்பு அறைச் சுவரின் பின்னே சென்றோம். அவ்விடமும் வளையிலிருந்து ஏறக்குறைய அதே தொலைவுதான். பறவையை அங்கிருந்து காணலாம். வளையின் வாயிலைக் காண முடியாது. இரண்டு நிமிடங்களுக்குள் பறவை வளைக்குள் நுழைந்து, வெறும் அலகோடு வெளியே வந்தது. ‘கண்டதை எழுதுக’ பயிற்சியில் அந்த மாணவி ஒரே வரிதான் எழுதினாள்: ‘நாங்கள் நின்ற நேரம் முழுவதும் குஞ்சுகள் பட்டினி கிடந்தன.’ அவளுக்கு முழு மதிப்பெண் வழங்கினேன்.

பின்னர்தான், இதனைப் புணே நகர ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்து முன்பே எழுதியிருப்பதை அறிந்தேன். மிலிந்த் வாட்வேயும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒருவரை வளை தெரியும் இடத்திலும், ஏறத்தாழ அதே தொலைவில் வளை தெரியாத இடத்திலும் மாற்றி மாற்றி நிற்கச் செய்தனர். வளை தெரியும் இடத்தில் ஆள் நின்றபோது, பச்சைப் பஞ்சுருட்டான் வளைக்குள் செல்வது குறைந்தது. தெரியாத இடத்தில் நின்றபோது தயக்கம் குறைந்தது. அஃதாவது, ஆள் எவ்வளவு அருகில் நிற்கிறார் என்பதோடு, அவர் நிற்கும் இடத்திலிருந்து எதைக் காண முடியும் என்பதும் பறவையின் நடத்தையை மாற்றுகிறது. பிறர் கண்ணால் பார்ப்பதைப் பறவை மனத்தால் எண்ணிப் பார்க்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. அனுபவத்தால் கற்ற எளிய பழக்கமாகவும் அஃது இருக்கலாம். ஆயினும் ஏழு சிறுவரையும் ஓர் ஆசிரியரையும் அது நன்றாகவே கணித்திருந்தது.

அது முதல் நாங்கள் பம்பு அறையின் பின்னிருந்து மட்டுமே பார்த்தோம். ஒரு வேளைக்குப் பத்து நிமிடங்கள்தாம். நாளும் நேரமும் இட்டுக் குறிப்பெழுதினோம்.

அக்குறிப்பேடு இரண்டு வாரங்களில் பயன்பட்டது. திடலை அகலப்படுத்த ஓடைக்கரையைச் சமப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. சுண்ணாம்புக் கோடும் இட்டுவிட்டார்கள். மாணவர்கள் முதல்வருக்கு விண்ணப்பம் எழுத விரும்பினர். தமிழில் எழுதி, பின் இந்தியில் மாற்றிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ‘கூடு’ என்று ஒருவன் எழுதினான். குச்சியே இல்லாதபோது அது எப்படிக் கூடாகும் என்று மற்றவன் வாதிட்டான். ‘வளை’ என்னும் சொல்லை அன்றுதான் ஏழு பேரும் கற்றுக்கொண்டனர்.

விண்ணப்பத்தைப் படித்த முதல்வர் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: “எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?”

மாணவர்கள் குறிப்பேட்டைப் புரட்டினர். ஏப்ரல் 4ஆம் நாள் பறவை இரையுடன் வளைக்குள் சென்றது. அப்படியானால் அன்றே உள்ளே குஞ்சு இருந்திருக்கிறது. அதனோடு நான்கு வாரங்களைக் கூட்டினால் மே மாதம் 2ஆம் நாள். “மே முதல் வாரம் வரை, சார்” என்றனர். முதல்வர் தலையசைத்தார்.

மண் அள்ளும் வண்டி ஏப்ரலில் வரவில்லை. எங்கள் விண்ணப்பத்தால் வரவில்லையா, வேறு வேலைக்குப் போய்விட்டதால் வரவில்லையா என்பதை நான் அறியேன். ஏப்ரல் 29ஆம் நாள் காலையில் மின்கம்பியில் பெரிய பறவைகளுக்கு நடுவே வெளிறிய நிறத்துடன் மூன்று பறவைகள் அமர்ந்திருந்தன. அவற்றின் வாலில் கம்பி போன்ற இறகுகள் இன்னும் முளைக்கவில்லை. இளம்பறவைக்கு அதுவே அடையாளம்.

கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது ஓடைக்கரை இல்லை. அங்கே திடல் இருந்தது. அடுத்த மார்ச்சில் இரண்டு பஞ்சுருட்டான்கள் அதே கம்பிக்கு வந்தன. அவை எங்கே வளை தோண்டின என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

சொற்பொருள்

பிடரி – பின்கழுத்து
பீறிடுதல் – விசையுடன் வெளிப்படுதல்
மலைத்தேனீ – பாறையிலும் பெருமரத்திலும் கூடு கட்டும் பெரிய தேனீ
வல்லந்தம் – கட்டாயப்படுத்துதல்
அடைதல் – பறவைகள் இரவில் தங்குதல்
வளை – விலங்கோ பறவையோ மண்ணில் தோண்டி வாழும் துளை
விண்ணப்பம் – எழுத்து வழியாக வைக்கும் வேண்டுகோள்

இலக்கணக் குறிப்பு

சுடுமணல் – வினைத்தொகை
சிறுபறவை – பண்புத்தொகை
ஓங்கி ஓங்கி – அடுக்குத்தொடர்
படபட – இரட்டைக்கிளவி
அறியேன் – தன்மை ஒருமை எதிர்மறை வினைமுற்று

பயிற்சி

1. தேனீயைப் பிடித்த பஞ்சுருட்டான் அதனை விழுங்கும் முன் செய்வனவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.

2. பஞ்சுருட்டானின் முட்டைகள் வெண்மையாக இருந்தும் அதனால் தீங்கு நேராதது ஏன்?

3. பம்பு அறையும் முதலில் நின்ற இடமும் வளையிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருந்தன. பம்பு அறை இன்னும் தொலைவில் இருந்திருந்தால் மாணவர்களால் எதை உறுதியாகக் கூறியிருக்க முடியாது? சிந்தித்து எழுதுக.

4. ‘மே முதல் வாரம் வரை’ என்று மாணவர்கள் விடையளித்தது எவ்வாறு? கணக்கிட்டுக் காட்டுக.

5. மகனை வழிமறிக்கும் தந்தைப் பறவைக்கும் மகனுக்கும் இடையே நிகழ்வதாக ஓர் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.

6. உங்கள் தாத்தா பாட்டியிடமோ ஊரிலுள்ள உறவினரிடமோ தொலைபேசியில் பேசி, இப்பறவையை அவர்கள் ஊரில் எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதுக. பறவையின் அடையாளங்களைத் தமிழிலேயே விளக்குக.

7. உங்கள் பள்ளிக்கு அருகில் மின்கம்பியில் அமரும் பறவை ஒன்றைப் பத்து நிமிடங்கள் பார்த்து, எத்தனை முறை பறந்து சென்றது, எத்தனை முறை இரையோடு திரும்பியது என்று குறித்து வருக. கூடோ வளையோ அருகில் இருக்குமானால், அதன் வாயில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று பார்க்க.